முற்றத்தை விதைப்பது: மட்டக்களப்பு வாவிக்கரையில் வீட்டுத்தோட்டமும் நன்னீரும்

1. கேள்வி

வீட்டு முன்றலில் உள்ள புற்றரையைக் கொத்தி எடுத்துவிட்டு அங்கே காய்கறி நடுவது மேற்கு நாடுகளில் ஓர் இயக்கமாகவே வளர்ந்திருக்கிறது. 2005 ஜூலையில் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துச் சலைனா நகரில் ஃபிரிட்ஸ் ஹேக் என்னும் கலைஞர் ஒரு வீட்டின் முன்புறப் புல்லை நீக்கி உணவுத்தோட்டம் அமைத்தார். பின்னர் வேறு பல நகரங்களிலும் அதையே செய்து காட்டினார். இந்த இயக்கத்தின் வாதம் எளிமையானது. புல் தண்ணீர் குடிக்கிறது, உரம் தின்கிறது, வெட்டுவதற்கு எரிபொருள் கேட்கிறது. உண்பதற்கு ஒன்றும் தருவதில்லை.

இதே வாதத்தை மட்டக்களப்பு வாவிக்கரைக்குக் கொண்டுவந்தால் முதல் அடியிலேயே இடறுகிறது. புற்றரை இங்கே அரச விடுதிகளுக்கும் பாசிக்குடா ஹோட்டல்களுக்கும் உரிய பொருள். கல்லடியிலோ களுதாவளையிலோ வந்தாறுமூலையிலோ பழைய வளவு ஒன்றின் முன்னால் இருப்பது வெண்மணல் முற்றம். காலையில் ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டிவிட்டால் விளக்குமாற்றின் கோடுகள் வெயில் ஏறும்வரை மணலில் கிடக்கும். புல் ஒன்று முளைத்தாலும் பிடுங்கி எறிவார்கள். ஆகவே இங்கே கேட்கவேண்டிய கேள்வி வேறு: இந்த மணல் முற்றம் வெற்று நிலமா? 1942 தொடக்கம் 2022 வரை, உணவு நெருக்கடி வந்தபோதெல்லாம் "வளவில் ஓர் அங்குலமும் வீணாகக் கிடக்கக்கூடாது" என்ற கருத்திலேயே அரசுகள் பேசிவந்துள்ளன. அந்தக் கருத்தை மண், நீர், உரிமை, உழைப்பு என்பவற்றோடு வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

இலங்கை வீட்டுத்தோட்டம் பற்றிய ஆய்வுகளில் பெரும்பங்கு கண்டித் தோட்டங்களைப் பற்றியது. மிளகு படர்ந்த பலா, கறுவா, கராம்பு, கித்துள், அடியில் இஞ்சி, மஞ்சள் என அடுக்கடுக்காக நிற்கும் அந்தத் தோட்டம் உலக வேளாண்காட்டியல் நூல்களில் நிரந்தர இடம் பிடித்துவிட்டது. குமாரும் நாயரும் 2006இல் தொகுத்த வெப்பவலய வீட்டுத்தோட்டங்கள் பற்றிய பெருநூலைப் புரட்டினாலும் இந்த வகைத் தோட்டமே இலட்சிய வடிவமாக நிற்கிறது. கண்டி மலைச்சரிவில் மண் ஆழமானது, மழை இரு பருவங்களிலும் பெய்கிறது. கரையோர மணலுக்கு அந்த வடிவத்தை முன்மாதிரியாகக் காட்டுவதில் உள்ள பொருத்தமின்மையை யாரும் பெரிதாகப் பேசியதில்லை.

போருக்குப் பிந்திய யாழ்ப்பாணத்தை மையமாக வைத்து டில்ருக்ஷி கல்ஹேன செய்த ஆய்வும், அவர் 2013இல் இருவருடன் இணைந்து எழுதிய மீளாய்வும் வீட்டுத்தோட்டத்தின் நன்மைகளை நம்பிக்கையோடு தொகுத்தன: உணவின் பல்வகைமை, சிறு வருமானம், பெண்களின் கையிருப்பு. அதற்கு ஓராண்டு முன்னதாக 2012இல் மாசெட், ஹடாட் குழுவினர் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்ட முறைசார் மீளாய்வு இன்னும் நிதானமாகப் பேசியது. 23 ஆய்வுகளை அலசிய அக்குழு, வீட்டுத்தோட்டம் போன்ற திட்டங்கள் அந்தந்த உணவுகளின் உற்பத்தியையும் நுகர்வையும் கூட்டுகின்றன என்றது. ஆனால் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடு குறைந்தது என்பதற்கு வலுவான சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆய்வுகளின் தரமும் மாதிரி அளவும் அத்தகைய முடிவுக்குப் போதவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

இரு தரப்பும் விட்டுவிட்ட ஒன்று உண்டு. தோட்டம் "இருக்கிறதா, இல்லையா" என்று எண்ணுகிறார்கள். வளவுக்குள் அது எந்த மூலையில் இருக்கிறது, ஏன் அந்த மூலையில் இருக்கிறது என்று கேட்பதில்லை. வாவிக்கரையைப் பொறுத்தவரை அந்த இருப்பிடத்தில்தான் விடயமே அடங்கியிருக்கிறது.

3. நெருக்கடிகளின் வரிசை

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஹேர்மெஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. அதே காலத்தில் பர்மா வீழ்ந்தது. அதோடு பர்மா அரிசியும் நின்றது. உண்ணும் அரிசியின் பெரும்பகுதியை இறக்குமதி செய்துவந்த இலங்கையில் பங்கீடு தொடங்கியது, உணவு உற்பத்திப் பிரசாரமும் கூடவே வந்தது. அமெரிக்காவில் இதே போர்க்காலத்து "வெற்றித் தோட்டங்கள்" ஏறத்தாழ 2 கோடி என மதிப்பிடப்பட்டன. புற்றரையைக் கொத்தும் இன்றைய இயக்கத்திற்கு அவையே மூதாதைகள். அடுத்த பெரிய அலை 1970களின் முற்பகுதியில், சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சியில் வந்தது. வாரத்தில் இரு நாட்கள் உணவகங்களில் சோறு தடைசெய்யப்பட்டது. மரவள்ளி வீட்டுக்கு வீடு வந்தது. (மரவள்ளியோடு இஞ்சி சேரக்கூடாது என்ற எச்சரிக்கையை இன்றைக்கும் எங்கள் அம்மம்மாமார் மறப்பதில்லை.) மிளகாய், வெங்காய இறக்குமதிக் கட்டுப்பாட்டால் யாழ்ப்பாண விவசாயி நிமிர்ந்த காலமும் அதுதான்.

பின்னர் 2007இல் "அபி வவமு ரட நகமு" (நாம் பயிரிடுவோம், நாட்டைக் கட்டியெழுப்புவோம்), 2011இல் பத்து இலட்சம் வீட்டுப் பொருளாதார அலகுகளை இலக்காக வைத்த "வாழ்வின் எழுச்சி" என்னும் திவிநெகும. 2021 மேயில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அந்த ஆண்டு இறுதிக்குள் கொள்கை பின்வாங்கியது, ஆனாலும் அடுத்துவந்த நெல் விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். 63 இலட்சம் பேர் உணவுப் பாதுகாப்பின்றி இருப்பதாக உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய அமைப்பும் அதே மாதம் மதிப்பிட்டன.

அந்த ஆண்டு ஜூனில் அமைச்சரவை எடுத்த முடிவு ஒன்று நம் கேள்விக்கு நேராகப் பொருந்துகிறது. அரச உத்தியோகத்தர் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கப்பட்டது. எரிபொருள் தட்டுப்பாட்டில் போக்குவரத்தைக் குறைப்பதும் அதன் நோக்கம். வெள்ளி ஜும்ஆவுக்கும் கோயிலுக்கும் உரிய நாள் என்பதை விட்டுவிடுவோம். ஜூனிலிருந்து மூன்று மாதம் என்பது மட்டக்களப்பில் கச்சான் காற்றுக் காலம். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, சூடேறி இறங்கும் அந்தத் தென்மேற்குக் காற்றில் நட்ட நாற்று மத்தியானத்துக்குள் சுருண்டுவிடும். கொழும்பில் மண்வெட்டி எடுக்க ஏற்ற மாதங்கள் இங்கே கைகட்டி நிற்கவேண்டிய மாதங்கள். ஆண்டு மழையான சுமார் 1,650 மில்லிமீற்றரில் பெரும்பங்கு ஒக்ரோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் பெய்துவிடுகிறது. நவம்பர், டிசம்பரில் பள்ளமான வளவுகளில் வெள்ளம். ஆகவே வெள்ளம் வடிந்து தை பிறந்ததிலிருந்து சித்திரை வரைக்கும்தான் கீரையும் பயிற்றையும் கெக்கரியும் இங்கே சிரமமில்லாமல் வளரும். நாடு முழுவதற்கும் ஒரே சுற்றறிக்கை எழுதுகிறவர்கள் இந்த நாட்காட்டியைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

4. மணலும் கிணறும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை. மேற்கே நெல்வயலும் பட்டிமாடும் நிறைந்தது படுவான்கரை. சனநெருக்கம் எழுவான்கரையில்தான். அங்குள்ள மண் கடற்கரை மணலிலிருந்து உருவான ரெகோசோல் வகை. களி இல்லை, சேதனப் பொருள் இல்லை, போட்ட பசளையைப் பிடித்துவைக்கும் ஆற்றலும் இல்லை. முப்பது சென்ரிமீற்றர் ஆழ வேர்ப்படையில் இத்தகைய மணல் தாவரத்துக்காக வைத்திருக்கும் நீர் 20 மில்லிமீற்றர் அளவே. வெயில் நாளில் காய்கறிப் பாத்தி ஒன்று 5 மில்லிமீற்றர் வரை ஆவியுயிர்ப்பில் இழக்கும். அந்த இருப்பில் பாதி தீரும்போதே பயிர் வாடத் தொடங்கும் என்பதால், ஒருநாள் விட்டு ஒருநாளாவது தண்ணீர் ஊற்றியாக வேண்டும். பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர் பாத்திக்கு நாளொன்றுக்குச் சராசரி 500 லீற்றர். பத்து லீற்றர் வாளியில் ஐம்பது வாளி.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மணலுக்குள் மழைநீர் இறங்கி, கீழே உள்ள உவர்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் எடை குறைந்தது, உவர்நீர் கனமானது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் ஒரு மீற்றர் உயர்ந்திருந்தால், சமநிலையில் அதற்குக் கீழே சுமார் நாற்பது மீற்றருக்கு நன்னீர் இருக்கும் என்பது கைபென், ஹெர்ட்ஸ்பெர்க் ஆகியோர் தனித்தனியே கண்ட விதி. இதன் மறுபக்கம்தான் நமக்கு முக்கியம். நீரை இறைத்து மட்டத்தைப் பத்துச் சென்ரிமீற்றர் தாழ்த்தி அப்படியே வைத்திருந்தால், கீழிருந்து உவர்நீர் நான்கு மீற்றர் மேலெழ இடமுண்டு. எழுவான்கரையில் இந்த நன்னீர் வில்லை கடலாலும் வாவியாலும் இருபுறமும் நெருக்கப்பட்டது, தடிப்பும் குறைவு. துலாவும் வாளியும் இருந்த காலத்தில் மனிதக் கை களைப்பதே அதற்குக் காவலாக இருந்தது. மின்மோட்டார் களைப்பதில்லை. ஒரு வளவில் மோட்டாரை மணிக்கணக்கில் ஓடவிட்டால் பக்கத்து வளவுக் கிணறும் கரிக்கத் தொடங்கலாம்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. ஆழிப்பேரலை கிணறுகளை உப்பால் நிரப்பிவிட்டுப் போனது. உதவிக்கு வந்தவர்கள் நல்லெண்ணத்தோடு கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கிழக்குக் கரையோரத்தில் செய்த அளவீடுகள், மிகையாக இறைப்பதால் உப்பு குறையாததோடு சில இடங்களில் கூடவும் கூடும் என்று எச்சரித்தன. நீரைப் பழைய நிலைக்கு மெல்லக் கொண்டுவந்தது அடுத்தடுத்த மாரிமழைதான்.

உப்பின் அளவு பயிரைத் தெரிவுசெய்கிறது. மாஸ், ஹொஃப்மன் 1977இல் வெளியிட்ட அட்டவணை, பிந்திய திருத்தங்களோடு இன்றும் பயன்படுகிறது. மண்நீரின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.0 டெசிசீமனைத் தாண்டினால் போஞ்சியின் விளைச்சல் குறையத் தொடங்கும், வெங்காயத்துக்கு 1.2, மிளகாய் இனத்துக்கு 1.5, தக்காளிக்கு 2.5, கௌபிக்கு 4.9. இந்த வரிசையை வைத்துப் பார்த்தால், வீட்டுத்தோட்டத் திட்டங்களில் ஊருக்கெல்லாம் ஒன்றுபோலக் கொடுக்கப்படும் விதைப் பொதிகள் ஏன் ஒரு வளவில் காய்த்து அடுத்த வளவில் கருகுகின்றன என்பது புரியும். களுதாவளையில் வெற்றிலையும் மிளகாயும் வெங்காயமும் மணலிலேயே செழிக்கின்றனவே என்று கேட்கலாம். செழிக்கின்றன; நல்ல நீர் உள்ள இடம், தலைமுறையாகக் கைவந்த தொழில், தாராளமான எருவும் பசளையும். ஆனால் மணலில் தாராளமாகப் போடும் பசளையின் நைத்திரேற்று கிணற்றுக்கே போய்ச் சேரும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு எல்லை. ஒரே கிணற்றில் குடிநீரும் தோட்டமும் என்றால் அந்த எல்லையை மறக்க முடியாது.

இப்போது முற்றத்துக்கு வருவோம். கூட்டி வைத்த வெண்மணலில் விழும் மழை தேங்காமல் நேரே கீழிறங்குகிறது. மழை விட்டதும் மேற்படை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உலர்ந்துவிடும். அந்த உலர்படை கீழுள்ள ஈரம் மேலெழுந்து ஆவியாவதைத் தடுத்துவிடுகிறது. வேர் எதுவும் இல்லாததால் உறிஞ்சவும் ஆளில்லை. 200 சதுர மீற்றர் முற்றத்தில் 1,600 மில்லிமீற்றர் மழை என்றால் 3,20,000 லீற்றர். வாதத்துக்காக அதில் கால்பங்கு மட்டும் நன்னீர் வில்லையைச் சேர்கிறது என்று வைத்தாலும் 80,000 லீற்றர். நாம் மேலே சொன்ன பாத்திக்கு 160 நாட்களுக்கான நீர். அதில் ஒரு பகுதி கடலுக்கும் வாவிக்கும் கசிந்துவிடும் என்பது உண்மை. ஆனாலும் முற்றம் சும்மா கிடக்கவில்லை. கிணற்றின் நீரேந்து பரப்பு அது. புற்றரை போட்டால் கச்சான் காலம் முழுவதும் அது கிணற்றைக் குடிக்கும். இன்றைக்கு நகரத்தில் பரவிவரும் இன்டர்லொக் கல்லோ மழையின் பெரும்பங்கை வடிகானுக்குத் திருப்பிவிடும். மூன்றில் கேடு கூடியது கடைசியில் சொன்னதுதான். அதைப் பற்றி எந்த உணவுப் பிரசாரமும் வாய் திறப்பதில்லை.

5. கிணற்றடி

பழைய வளவில் உண்ணும் செடிகள் எங்கே நின்றன என்று பார்த்தால் வரைபடம் தெளிவாக இருக்கும். கிணறு வீட்டின் பக்கவாட்டிலோ பின்னாலோ. அதைச் சுற்றிச் சீமெந்துத் தளம், ஒரு மூலையில் உடுப்புத் தோய்க்கும் கல், தளத்திலிருந்து வெளியே போகும் ஒரு சாண் அகல வாய்க்கால். வாய்க்கால் முடியும் இடத்தில் வாழைப்புட்டி. அதன் நிழலில் சேம்பு. அடுக்களைத் தண்ணீர் விழும் பக்கத்தில் பொன்னாங்காணியும் வல்லாரையும், தள்ளிக் கொஞ்சம் வெயிலில் இரண்டு கொச்சிக்காய்க் கன்று, ஒரு கத்தரி. வேலியோரம் முருங்கை, அகத்தி, கறிவேம்பு. வாழைக்கு என்று ஒருவரும் தண்ணீர் அள்ளியதில்லை. குளிக்கவும் தோய்க்கவும் அரிசி களையவும் அள்ளிய தண்ணீர்தான் இரண்டாவது வேலையாக வாழையை வளர்த்தது.

இந்த ஒழுங்கை அழகுணர்ச்சியாலோ வழக்கத்தாலோ வந்ததாக எழுதிவிடுவது எளிது. ஐம்பது வாளிக் கணக்கை நினைவில் வைத்தால், தோட்டம் தண்ணீரின் பாதையையும் அதை அள்ளும் பெண்ணின் நடையையும் தொடர்ந்து போனது என்று தெரியும். முன்முற்றம் அந்தப் பாதையில் இல்லை. அங்கே பாத்தி கட்டினால் ஒவ்வொரு வாளியும் புதிதாக அள்ளியதாக, வீட்டைச் சுற்றிச் சுமந்ததாக இருக்கவேண்டும். "உங்கள் முற்றத்தில் நடுங்கள்" என்று சுவரொட்டி ஒட்டும்போது, அந்தச் சுமை யாருடைய இடுப்பில் ஏறுகிறது என்பதைச் சொல்லாமல் விடுகிறோம்.

மணலில் பயிர் வைப்பதற்கும் உள்ளூரில் ஒரு முறை உண்டு. நிலம் முழுவதையும் கொத்தி எரு பரப்புவது வீண். அடுத்த மாரியில் எல்லாம் கீழே போய்விடும். ஆகவே கிடங்கு வெட்டுவார்கள். முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, அடியில் தேங்காய் மட்டைகளைச் சேர்த்து அடுக்கி, மேலே சருகு, சாம்பல், படுவான்கரையிலிருந்து வண்டியில் வரும் மாட்டெரு, கொஞ்சம் வயல்மண். மட்டை தண்ணீரை ஊறவைத்துப் பிடித்துக்கொள்ளும். தென்னை ஆராய்ச்சி நிலையமும் தென்னைக்கு மட்டைப் புதைப்பைப் பரிந்துரைக்கிறது. அந்த ஒரு கிடங்கில் பாகலோ புடோலோ மூன்று விதை, மேலே கம்புகட்டி ஒரு பந்தல். வேர் ஒரு சதுர மீற்றருக்குள். கொடி பத்துச் சதுர மீற்றருக்கு மேல். தண்ணீர் ஊற்றவேண்டியது கிடங்குக்கு மட்டும். கொடியின் இலை பரந்திருப்பதால் அது குடிக்கும் நீர் அதே அளவில் சுருங்கிவிடாது என்பதையும் சொல்லியாகவேண்டும். ஆனால் ஊற்றிய நீரில் வீணாவது குறைவு. வாவியில் மண்டும் ஆற்றுவாழை என்னும் நீர்க்களையை வெயிலில் காயவிட்டுக் கூட்டெருவில் சேர்ப்பதும் இதே வகைச் சிக்கனம்தான். அதற்கு ஆள்கூலி கொடுக்கக் கட்டுமா என்பது வேறு கேள்வி.

6. முற்றம் யாருடையது

முற்றத்துக்கு வேறு வேலைகளும் உண்டு. அவித்த நெல் காய்வது அங்கே. கருவாடும் கொச்சிக்காயும் காய்வது அங்கே. கல்யாணப் பந்தல், செத்தவீட்டுக் கொட்டகை, பின்னேரம் வாங்கு போட்டு இருப்பது, பிள்ளைகள் விளையாடுவது எல்லாம் அங்கே. பாம்பு வந்தால் தெரியவேண்டும் என்பதும் கூட்டி வைப்பதற்கு ஒரு காரணம். போர்க்காலத்தில் வெளி என்பதற்கு இன்னோர் அர்த்தமும் ஏறியது. இராணுவ முகாம்களைச் சுற்றியும் வீதியோரங்களிலும் மரமும் பற்றையும் வெட்டி வெளியாக்கப்பட்டபோது, வேலியோரத்து உணவுமரங்களும் சேர்ந்தே போன இடங்கள் உண்டு. அதற்கு முன்பே 1978 நவம்பர் சூறாவளி இந்த மாவட்டத்தின் தென்னைகளில் பெரும்பகுதியைச் சாய்த்திருந்தது. வளவில் முதிர்ந்த மரம் நிற்பது இங்கே சாதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடிய விடயமாக இருந்ததில்லை.

உரிமை பற்றிய கேள்வி இன்னும் ஆழமானது. கிழக்குக் கரையில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடும் வளவும் சீதனமாக மகளுக்குப் போவதே வழக்கம். மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். அக்கரைப்பற்றில் 1969 தொடக்கம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூல் இந்தத் தாய்வழிக் குடிமுறையை விரிவாகப் பதிவுசெய்கிறது. இளைய மகளுக்கு வீடு வேண்டும் என்றால் பெற்றோர் அதே வளவுக்குள் அடுத்த வீட்டைக் கட்டுவார்கள். இரண்டு மூன்று மகள்மார் என்றால் வளவும் இரண்டு மூன்றாகும். முதலில் போவது பின்வளவு, அதாவது கிணற்றடித் தோட்டம். காத்தான்குடியில் சில சதுர கிலோமீற்றருக்குள் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அங்கே பல வீடுகளுக்கு முற்றமே கிடையாது. வீடு மேல்நோக்கித்தான் வளர்கிறது. வாவிக்கரைக்கு என்று ஒரே வீட்டுத்தோட்டத் திட்டம் போட முடியாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆழிப்பேரலைக்குப் பிறகு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை வந்தது. நாவலடியிலிருந்து பெயர்ந்தவர்கள் திராய்மடுவில் குடியமர்த்தப்பட்டார்கள். வீடு 500 சதுர அடி என்ற அளவுக்கு ஒரு நியமம் இருந்தது. நிலத்தின் மண் எப்படி, கிணறு எப்படி என்று நியமம் இருந்ததாகச் சொல்ல முடியாது. உறுதிப் பத்திரங்களை "குடும்பத் தலைவர்" என்ற பெயரில் ஆணுக்கு எழுதும் போக்கு பெண்வழி உரிமையைக் கரைத்துவிடும் என்ற கவலையை மக்கில்வ்ரேயும் பட்ரீசியா லோரன்ஸும் 2010இல் எழுதினார்கள். தோட்டத்தோடு இதற்கு என்ன தொடர்பு? கீரை நாற்பது நாளில் முடிந்துவிடும். மாவும் தென்னையும் ஈரப்பலாவும் நடுகிறவர், அந்த நிலம் தன் மகளுக்குப் போகும் என்ற உறுதியில்தான் நடுகிறார். உறுதி யார் பெயரில் என்பது எந்தக் கன்று நடப்படும் என்பதையும் முடிவுசெய்யும்.

கட்டாக்காலி மாடுகளையும் கணக்கில் எடுக்கவேண்டும். கிளிசரியாவும் பூவரசும் நட்ட உயிர்வேலி போய் மதில் வந்த நகரத்தில் இது சிக்கலில்லை. மதில் கட்ட வசதியில்லாதவரின் முற்றத்துப் பாத்தி ஓர் இரவில் போய்விடும். படுவான்கரையின் உட்புறம் வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கங்களில் வாழைப்புட்டி என்பது யானைக்கு எழுதிய கடிதம். வீட்டு முன்றலில் அதை நடச்சொல்லும் உத்தியோகத்தர் அந்தப் பக்கம் ஓர் இரவு தங்கிப் பார்க்கலாம்.

7. எவ்வளவு உணவு

நூறு சதுர மீற்றரில் மரவள்ளி நட்டு, ஹெக்டெயருக்குப் பத்துத் தொன் என்ற மிதமான விளைச்சல் கிடைத்தால் நூறு கிலோ கிழங்கு. தோல் போக எண்பது கிலோ, சுமார் 1,28,000 கிலோகலோரி. ஆளுக்கு 2,100 கிலோகலோரி வீதம் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது பதினைந்து நாள். எட்டுப் பத்து மாதம் நிலத்தில் நின்ற பயிரின் கணக்கு இது. முற்றம் சோற்றுக்கு மாற்றாகாது. 2022இல் வீட்டுத்தோட்டத்தை அரிசித் தட்டுப்பாட்டுக்கு விடையாக முன்வைத்தவர்கள் இந்த எளிய பெருக்கலைச் செய்திருக்கலாம்.

இலைக்கறியில் கணக்கு வேறு. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு ஆளுக்கு 400 கிராம் காய், பழம் என்கிறது, நால்வருக்கு 1.6 கிலோ. அதை முழுவதும் வளவிலிருந்து எடுப்பது கடினம். ஆனால் காசில்லாத வாரத்தில் கடையில் முதலில் கைவிடப்படுவது இலையும் காயும்தான் என்பதால், வேர் ஊன்றியபின் அதிகம் தண்ணீர் கேட்காத ஒரு முருங்கை, ஓர் அகத்தி, இரண்டு பப்பாசி ஆகியவற்றின் பெறுமதி சந்தை விலையில் தெரியாது. மாசெட் குழுவின் எச்சரிக்கையையும் கல்ஹேனவின் நம்பிக்கையையும் நான் இப்படித்தான் பொருத்திப் பார்க்கிறேன்: தோட்டம் உணவின் அளவைக் கூட்டுவது சொற்பம், தட்டில் இலை இல்லாத நாட்களைக் குறைப்பதில் அதற்குப் பங்கு உண்டு.

8. குழாய்நீர் வந்த பின்

அப்படியானால் முற்றத்தில் நடக்கூடாதா? ஓரங்களில் நடலாம். தேசி, மாதுளை, கறிவேம்பு, தென்னை போன்ற மரங்களை வேலியோரமாக வைத்து, மாரி தொடங்கும்போதே நட்டு முதல் கோடையை மட்டும் வாளியால் கடத்திவிட்டால் போதும். ஒரு கிடங்கும் ஒரு பந்தலும் போடலாம். நடுவே மணல் மணலாகவே கிடக்கட்டும் என்பதே மேற்சொன்ன நீர்க்கணக்கு காட்டும் வழி. எந்தப் பயிர் என்பதைக் கிணற்றின் உப்பளவு சொல்லும். மின்கடத்துதிறன் அளக்கும் கருவி கையடக்கமானது. கமநல சேவை நிலையத்துக்கு ஒன்று இருந்தால், விதைப் பொதி கொடுக்குமுன் ஒரு போத்தல் கிணற்றுநீரைக் கொண்டுவரச் சொல்லலாம்.

இதைவிட அவசரமான மாற்றம் வீட்டின் பின்னால் நடந்துகொண்டிருக்கிறது. போருக்குப் பின் உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்வழி நகருக்கும் சுற்றுப்புறத்துக்கும் வந்தது. அள்ளும் வேலை போனது; அது பெரிய விடுதலை, அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் குளியலறை வீட்டுக்குள் வந்துவிட்டது. தோய்க்கும் கல் போய் இயந்திரம் வந்தது. கழிவுநீர் சீமெந்துக் குழிக்குள் போய் மறைகிறது. கிணற்றடி வாய்க்கால் காய்ந்ததும் வாழையும் சேம்பும் தாமாகவே போய்விட்டன. இப்போது யாராவது தோட்டம் போட விரும்பினால், நெல்லுக்கு உரிய குளத்திலிருந்து வந்து, குளோரின் கலந்து, மீற்றரில் ஓடிய நீரை ஊற்றவேண்டியிருக்கிறது.

புதிய வீட்டுத்திட்ட வரைபடங்களில் மாற்றவேண்டியது ஒரு கோடுதான். குளியலறைக்கும் சலவைக்குமான வடிகுழாயை மலசலக் குழியோடு சேர்க்காமல் தனியாகப் பிரித்து, மட்டை அடுக்கிய கிடங்கு ஒன்றுக்குக் கொண்டுபோகவேண்டும். சவர்க்காரத்தின் சோடியம் மணலில் சேரும் என்பதால் அந்தக் கிடங்கில் கீரை வேண்டாம். வாழை, சேம்பு, தென்னை தாங்கும். கிணறு வளவில் இருந்தால் கிடங்கு அதிலிருந்து எட்டத்தில், நிலக்கீழ் நீர் ஓடும் திசையில் அதற்குக் கீழ்ப்பக்கமாக அமையவேண்டும். எழுவான்கரையில் அந்தத் திசை வளவுக்கு வளவு மாறும்: சில வளவுகளில் கடல் பக்கம், சிலவற்றில் வாவிப் பக்கம்.